ஒரு வரிகூட வராது

"தெரியாதுன்னு சொல்லு. அவ்வளவுதான். வேற ஒண்ணும் வேண்டாம்," என்று மீட்டர்காரர் கெஞ்சினார்.

"தெரியுமே சார்," என்றாள் முன்வரிசைப் பெண்.

"உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். நாலு மணிக்கு வர்ற அம்மாவுக்குத் தெரியக் கூடாது."

"ஏன் சார்?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டே கால் ஆகியிருந்தது.

மீட்டர்காரருக்கு வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் எண்ணைக் குறித்துக்கொண்டு வருவது வேலை. கால்வாய்க்கு அந்தப் பக்கக் குடியிருப்பில் நாற்பது வீட்டுக்கும் சேர்த்து ஒரே மீட்டர். அதைக் குறிக்கப் போகும்போதெல்லாம் பட்டப்பகலில் பிள்ளைகள் சுற்றி நின்று, அவர் பேனா ஓடுவதை வாய் பிளந்து பார்த்தார்கள். ஒருநாள் ஒருத்தி, "இதுல எங்க வீடு எங்க இருக்கு?" என்று நோட்டைத் தொட்டுக் கேட்டுவிட்டாள். மனிதருக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த வாரமே மனைவியைச் செயலாளராகவும் மச்சானைப் பொருளாளராகவும் போட்டு 'முதல் வரி அறக்கட்டளை'யைப் பதிவு செய்துவிட்டார்.

பெரிய நிறுவனம் ஒன்று இப்படிப்பட்ட இடங்களுக்குக் கட்டடமும் இரண்டு ஆசிரியர்களும் தருவதாகக் கேள்விப்பட்டு விண்ணப்பம் போட்டார். ஒரே ஒரு நிபந்தனை. சேரும் பிள்ளைகளில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரிந்திருக்கக் கூடாது. 'இருபத்திரண்டு பேரில் ஒருவருக்கும் ஒரு வரிகூட வராது' என்று அவரே கைப்பட எழுதிக் கையெழுத்திட்டார். அன்றைக்கு அது சத்தியம்.

பதில் வரப் பதினாலு மாதம் ஆயிற்று. அதுவரை சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா? மூடிக்கிடந்த ஐஸ் கம்பெனியின் ஷெட்டைக் கேட்டு வாங்கி, தினமும் சாயங்காலம் தானே பாடம் நடத்தினார். நடத்தியதில் இருபத்திரண்டும் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டன. இப்போது ஷெட்டின் சொந்தக்காரர் மாதக் கடைசியோடு இடத்தை டயர் கடைக்குக் கொடுக்கப் போகிறார். இன்றைக்கு வரும் அதிகாரி கையெழுத்துப் போட்டால் கட்டடம் உண்டு. போடாவிட்டால் முதல் வரியோடு எல்லாம் முடிந்தது.

"சரி, ஒத்திகை பார்ப்போம்," என்று கரும்பலகையில் 'மாடு புல் தின்றது' என்று எழுதினார். "தப்பாப் படிங்க பார்க்கலாம்."

"ஆடு புல் தின்றது!"

"மாடு லாரி தின்றது!"

"மாடு சாரைத் தின்றது!"

ஷெட்டே அதிர்ந்தது.

"சரியாப் படிக்கத் தெரிஞ்சவன்தான்டா இவ்வளவு அழகாத் தப்பாப் படிப்பான்!" என்று அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

பிறகு அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு விழிக்கச் சொன்னால் போதும். பார்க்கிறவர்களுக்குச் சந்தேகமே வராது. முன்வரிசைப் பெண்ணிடம் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பிக் கொடுத்தார். அவள் மூச்சுவிடாமல் ஒரு பக்கத்தை வாசித்து முடித்துவிட்டு, "அடுத்த பக்கமும் படிக்கட்டா சார்?" என்றாள்.

அப்போதுதான் நினைவு வந்தது. முதல் ஆறு மாதம் இருபத்திரண்டு பேருக்கும் சேர்த்து ஐந்தே புத்தகம். சுற்றி உட்கார்ந்து படித்ததில், எதிர்ப்பக்கம் இடம் கிடைத்தவள் தலைகீழாகவே எழுத்துப் படித்துக்கொண்டாள். பிள்ளைகள் அவளைத் 'தலைகீழி' என்றுதான் கூப்பிட்டார்கள். நேராகப் பிடித்தால்தான் அவளுக்குக் கொஞ்சம் திணறும்.

இதற்குள் செயலாளர் வந்து சேர்ந்தாள். வந்தவள் வாசலிலேயே நின்று நடப்பதைப் பார்த்தாள்.

"என்னங்க, பிள்ளைங்களுக்குப் பொய் சொல்லிக் குடுக்கவா இதை ஆரம்பிச்சோம்?"

"நானும் ஆசைப்பட்டா செய்றேன்? வேற வழி இருந்தாச் சொல்லேன்."

"இவங்களை வீட்டுக்கு அனுப்பிடுங்க. பக்கத்துச் சந்துல இன்னும் வகுப்புக்கே வராத பிள்ளைங்க எட்டு பேர் இருக்குங்க. அதுங்களுக்கு நிஜமாவே தெரியாது. பொய்யும் இல்ல, பாவமும் இல்ல."

மீட்டர்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பத்து நிமிடத்தில் அந்த எட்டு பேரையும் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். அதில் ஆகச் சின்னது உள்ளே நுழைந்ததும் கரும்பலகையைப் பார்த்தது.

"மா... டு... புல்... தின்... றது," என்றது.

மீட்டர்காரர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "உனக்கு யாரும்மா சொல்லிக் குடுத்தாங்க?"

அது தலைகீழியைக் காட்டியது. தண்ணீர் லாரிக்குக் காத்து நிற்கும் நேரத்தில் குச்சியால் மண்ணில் எழுதிச் சொல்லிக் கொடுத்தாளாம். "நானும் சொல்லிக் குடுத்தேன் சார்!" "நான் ரெண்டு பேருக்கு சார்!" என்று இருபத்திரண்டு கைகளும் எழுந்தன. வாழ்க்கையில் இத்தனை சந்தோஷம் அவருக்கு என்றைக்கும் வந்ததில்லை. அதை அனுபவிக்கத்தான் நேரம் இல்லை. மணி மூன்றேகால்.

"இந்த ஊர்ல படிக்கத் தெரியாத பிள்ளை ஒண்ணே ஒண்ணு கிடைக்காதா?" என்று வாய்விட்டே புலம்பினார்.

"கிடைக்காம என்ன மாமா?" என்று போனில் சொன்னான் பொருளாளர் மச்சான். "என் பொண்ணுங்க ரெண்டு பேரும் இருக்காங்களே. அவங்க ஸ்கூல்ல நம்ம எழுத்தே கிடையாது. ஒரு எழுத்துகூட வராது!"

இதைச் சொல்லும்போது அவன் குரலில் தெரிந்த பெருமையைக் கண்டிக்கும் நிலையில் மாமா இல்லை.

மூன்று நாற்பதுக்கு இரண்டு பெண்களும் காரில் வந்து இறங்கினார்கள். டையைக் கழற்றி, ஷூவைக் கழற்றி, மடிப்புக் கலையாத சட்டையைக் கொஞ்சம் கசக்கி முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். மற்ற பிள்ளைகள் பின்னால் போனார்கள். சந்துப் பிள்ளைகள் எட்டு பேரும் வீட்டுக்குப் போக மாட்டோம் என்று ஜன்னலில் தொற்றிக்கொண்டார்கள்.

"யாரும் வாயைத் திறக்கக் கூடாது. சாருக்காக," என்றார். சொல்லிவிட்டு, தன் பிழைப்பை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது. பதினாலு மாதமாக வாயைத் திற, சத்தமாகப் படி என்று உயிரை வாங்கியவரும் அவர்தான்.

சரியாக நாலு மணிக்கு அதிகாரியம்மா வந்தார். தங்க ஃப்ரேம் கண்ணாடி, தடித்த ஃபைல், அளந்து பேசும் பேச்சு. பின்னாலேயே டிரைவர் அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டு, கைகட்டிக்கொண்டு வாசலோரம் நின்றார். அறுபதை நெருங்கிய மனிதர். முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை.

அதிகாரியம்மா பெட்டியிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மூத்த பெண்ணிடம் நீட்டினார். "இதைப் படிம்மா."

அவள் பார்த்தாள். உதடு துடித்தது. "தெரியல," என்றாள்.

அதிகாரியம்மா வாசல் பக்கம் பார்த்தார். டிரைவர் தலையை மெல்ல இடவலமாக ஆட்டினார். நேரமாகிறது என்கிறார் போலிருக்கிறது என்று மீட்டர்காரர் நினைத்துக்கொண்டார். ஃபைலில் ஏதோ குறித்துக்கொள்ளப்பட்டது. ஆயிற்று, இன்னும் ஒருத்திதான்.

இளையவளிடம் அடுத்த அட்டை போனது. அவள் அதைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், பிறகு ஓவென்று அழ ஆரம்பித்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் எல்லாவற்றிலும் முதல் மார்க்காம். தெரியாது என்று சொல்லி அவளுக்குப் பழக்கமே இல்லை.

பின்வரிசையில் சலசலப்பு எழுந்தது. மீட்டர்காரர் கண்ணாலேயே அதட்டினார். பயன் இல்லை. தலைகீழி எழுந்து வந்தேவிட்டாள்.

"அழாத. இது ரொம்ப ஈஸி. எனக்கும் மொதல்ல வரல," என்று இளையவளின் தோளைத் தொட்டாள். அதிகாரியம்மா அடுத்து எடுத்த அட்டை அவர் கையிலேயே தலைகீழாக இருந்தது. கெட்டிக்கார அம்மா, சோதிக்கிறார் என்று மீட்டர்காரர் உள்ளுக்குள் நடுங்கினார். தலைகீழிக்கு அதுதானே வசதி! எட்டிப் பார்த்துக் கணீரென்று வாசித்தாள்.

"மழை வருவதற்கு முன் எறும்புகள் தங்கள் முட்டைகளை மேட்டுக்குக் கொண்டு செல்கின்றன."

அவ்வளவுதான். இருபத்தொரு பேரும் ஓடிவந்து மொய்த்துக்கொண்டார்கள். ஆளுக்கோர் அட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்தார்கள். கிணற்றைப் பற்றி ஒருத்தன், ரயிலைப் பற்றி ஒருத்தி, நிலாவைப் பற்றி நாலு பேர். ஜன்னலிலிருந்த எட்டும் எழுத்துக்கூட்டிக் கத்தின. மீட்டர்காரர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணுக்குள் டயர்கள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. ஆனாலும் பிள்ளைகள் ஒரு எழுத்தையும் விடாமல் படிப்பதைக் காது பாட்டுக்குக் கேட்டுப் பூரித்துக்கொண்டிருந்தது. அந்தக் காதின்மேல் அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

சத்தம் ஓய்ந்தது. கண்ணைத் திறந்தார். அதிகாரியம்மா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் ரொம்ப வருத்தமாகத் தலையை இடவலமாக ஆட்டினார்.

"பாவம்," என்று அதிகாரியம்மா பெருமூச்சு விட்டார். "வாய் நல்லாப் பேசுதுங்க. கற்பனையும் இருக்கு. எழுத்துதான் ஒண்ணுகூடத் தெரியல."

"மேடம்?" என்றார் மீட்டர்காரர்.

"ஒரு வரிகூட வராதுன்னு எழுதியிருந்தீங்க. உண்மையைத்தான் எழுதியிருக்கீங்க." ஃபைலைத் திறந்து பெரிதாகக் கையெழுத்துப் போட்டார். "ஒண்ணாம் தேதியிலேருந்து கட்டடம் உங்களுக்கு. ரெண்டு டீச்சரும் வருவாங்க."

செயலாளர் கணவனைப் பார்த்தாள். அவர் செயலாளரைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், எல்லாம் கைக்கு வந்துவிட்டது. ஆனால் தலைகீழியின் முகம் சுண்டிப்போயிருந்தது. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்ததும் மனிதருக்குத் தாங்கவில்லை.

"மேடம், கட்டடம் வேண்டாம்னாலும் பரவாயில்ல. பிள்ளைங்க சரியாத்தான் படிச்சாங்க. எல்லாரும். ஒரு எழுத்துத் தப்பில்ல!"

அதிகாரியம்மா கனிவாகச் சிரித்தார். "எல்லா ஊர்லயும் இதையேதான் சொல்றாங்க. ஆரம்பிக்கிறவங்களுக்கு இந்தப் பாசம் இருக்கத்தான் செய்யும். நாற்பது இடம் பார்த்துட்டேன் சார். இதுவரைக்கும் ஒரு பிள்ளைகூடச் சரியாப் படிச்சதில்ல."

சொல்லிவிட்டுக் காருக்குப் போய்விட்டார்.

மீட்டர்காரருக்குத் தலை சுற்றியது. தலைகீழியின் கையிலிருந்த அட்டையை வாங்கிப் படித்தார். மழை, எறும்பு, முட்டை, மேடு, எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. தனக்கே எழுத்து மறந்துவிட்டதோ என்று பயம் வந்து, மனைவியைப் படிக்கச் சொன்னார். அவளுக்கும் அதேதான் வந்தது.

டிரைவர் அட்டைகளைப் பொறுக்கிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்களும் பார்த்துட்டுத்தானே இருந்தீங்க? இந்தப் பொண்ணு படிச்சதுல என்ன தப்பு?"

டிரைவர் கார்ப் பக்கம் ஒரு முறை எட்டிப் பார்த்துக்கொண்டு, மீட்டர்காரரின் காதோரம் குனிந்தார்.

"அம்மாவுக்கு நம்ம எழுத்து தெரியாதுங்க, அதனால சரியா தப்பான்னு என்னைத்தான் பார்ப்பாங்க, எனக்கும் தெரியாதுன்னு சொன்னா வேலை போயிடுமேன்னு, நாற்பது ஊர்லயும் தப்பு தப்புன்னே தலையாட்டிட்டு வர்றேன்."