மீன்காரர் சொன்ன திருத்தம்

‘இந்தக் கட்டுரை உங்களுக்குப் பயனுள்ளதாக இருந்ததா?’ என்று கைப்பேசி கேட்டது. மீன்காரர் விரலில் ஒட்டியிருந்த செதிலைத் துண்டில் துடைத்துக்கொண்டு, ‘இல்லை’ என்பதை ஓங்கி ஒரு குத்து குத்தினார்.

“மெதுவாண்ணே, போன் உடைஞ்சிடப் போகுது,” என்றார் பக்கத்துக் கடை நண்டுக்காரர்.

“பின்ன என்னய்யா? கலைக்களஞ்சியமாம்! டால்பின் மீன் இல்லையாம், பாலூட்டியாம். கடலையே பாக்காதவன் எவனோ எழுதியிருக்கான்.”

எல்லாம் மகளால் வந்த வினை. வெள்ளிக்கிழமை அவள் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. பாப்பாவுக்குக் கிடைத்த தலைப்பு டால்பின். “அப்பா, டால்பின் மீனாப்பா?” என்று அவள் கேட்க, “மீன் இல்லாம பின்ன மாடா?” என்று இவர் கடகடவென்று சிரித்துவிட்டார். பாப்பா கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். “சரிப்பா, மீன்னே எழுதிக்கிறேன்,” என்றாள்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்திலிருந்து பெற்றோருக்கெல்லாம் செய்தி வந்தது. பிள்ளைகள் எழுதியதை இன்ன இணையக் கலைக்களஞ்சியத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டுமாம். திறந்து பார்த்ததிலிருந்துதான் இந்தக் கொதிப்பு.

‘ஏன் இல்லை?’ என்று கைப்பேசி அடுத்த கேள்வி கேட்டது. ஒற்றை விரலால் தட்டினார்: ‘டால்பின் மீன். உடனே திருத்தவும். இப்படிக்கு, மீசை முளைக்கிறதுக்கு முன்னாடியே மீன் விக்க வந்தவன்.’

மதியத்துக்குள் பதில் வந்துவிட்டது. ‘ஐயா, தங்கள் கருத்துக்கு நன்றி. டால்பின் நுரையீரலால் மூச்சு விடுகிறது. குட்டி ஈன்று பால் கொடுக்கிறது. எனவே மீன் அல்ல. தாங்கள் டால்பின் விற்றதுண்டா? இப்படிக்கு, கலைக்களஞ்சிய ஆசிரியர்.’

“எகத்தாளத்தைப் பாத்தியா! நீ சொல்லுய்யா, நீ படகுல போனவன்தானே? அது பாலா குடுக்குது?”

நண்டுக்காரர் திடீரென்று நண்டுக்குக் கயிறு கட்டுவதில் மும்முரமானார். “அது வந்துண்ணே... குடுக்கும்ணே. குட்டி தாயை ஒட்டிக்கிட்டேதான் வரும். நானே பாத்திருக்கேன்.”

“அடப்பாவி! காலையில நான் கத்தினப்போ பேசாம இருந்தியே?”

“நீங்க அவ்வளவு அடிச்சுப் பேசினீங்க. எதுக்கு மனசைக் கஷ்டப்படுத்தணும்னு...”

மீன்காரருக்கு அப்போதுதான் வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. வாடிக்கையாளர்கள் அவர் தராசை நம்புவதில்லை. பெண்டாட்டி அவர் சொல்லும் நேரத்தை நம்புவதில்லை. அவரை முழுசாக நம்புகிற ஒரே ஜீவன் பாப்பாதான். ‘எங்கப்பாவுக்குத் தெரியாததே கிடையாது’ என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்கிற பிள்ளை, அத்தனை பெற்றோருக்கு முன்னால் மீன் என்று சொல்லி அசிங்கப்பட்டு நிற்கப்போகிறது. அப்புறம் இந்த அப்பனை ஏறெடுத்துப் பார்க்குமா?

மறுபடியும் தட்டினார். ‘ஐயா, மீன் இல்லைன்னு ஒத்துக்கிறேன். ஆனா வெள்ளிக்கிழமை வரைக்கும் மட்டும் மீன்னு போடுங்க. சனிக்கிழமை காலையில மாத்திக்கலாம். ஒரு தகப்பனோட மானம் இதுல இருக்கு.’

ஆசிரியரிடமிருந்து பதில் வந்தது: ‘ஐயா, இங்கே உண்மையை வாடகைக்கு விடுவதில்லை. ஆயினும் கட்டுரையில் இருந்த ஒரு குறையைச் சுட்டிக்காட்டினீர்கள். சேர்த்துவிட்டோம்.’

சேர்த்தது என்ன என்று பார்த்தால், கட்டுரையின் அடியில் புதிதாக ஒரு பத்தி: ‘தவறான நம்பிக்கைகள்: டால்பினை மீன் என்று கருதும் மீன் வியாபாரிகளும் உள்ளனர்.’

“அண்ணே, உங்களைப் பத்திப் போட்டுட்டாங்க!” என்று நண்டுக்காரர் பூரித்துப் போனார்.

“யோவ், அதை எடுக்க வழி சொல்லுய்யா!”

“ஒத்தை ஆளு அழுத்தினா எவன் மதிப்பான்? கூட்டமா அழுத்தணும்.”

இறால் விற்கும் அக்கா, ஐஸ் வண்டிக்காரர், கருவாட்டுக்காரர் என்று சந்தையே திரண்டு ‘இல்லை’யை அழுத்தியது. கருவாட்டுக்காரர் ஒருபடி மேலே போய், ‘எங்க அண்ணன் சொன்னா சொன்னதுதான்’ என்று எழுதியும் வைத்தார். சாயங்காலம் பார்த்தால் அந்தப் பத்தி அடியிலிருந்து உச்சிக்கு ஏறி, கட்டம் கட்டி உட்கார்ந்திருந்தது: ‘இந்தத் தவறான நம்பிக்கை மீன் சந்தைகளில் மிக ஆழமாக வேரூன்றியுள்ளது.’

‘எங்க தொழிலைக் கேவலப்படுத்தாதீங்க!’ என்று மீன்காரர் பொங்கி எழுதினார். அதற்கும் உடனே பலன் கிடைத்தது. கட்டுரையின் முதல் வரியே மாறிவிட்டது: ‘டால்பின் மீன் அல்ல, மீன்காரரே சொன்னாலும் நம்ப வேண்டாம்.’

மீன்காரர் ஆத்திரத்தில் கையிலிருந்ததை ஐஸ் பெட்டிக்குள் போட்டு மூடினார். உள்ளேயிருந்து மணி அடித்தபோதுதான் மீன் என்று நினைத்துப் போட்டது கைப்பேசி என்று தெரிந்தது. பதறிப்போய் எடுத்துத் துடைத்தார்.

வீட்டுக்குப் போனால் பாப்பா கூடத்தின் நடுவில் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். “டால்பின் கடலில் வாழும் அழகான மீன்!”

அவருக்குப் பகீரென்றது. “பாப்பா, அந்த மீனுங்கிறதை விட்டுட்டு... சும்மா ‘பிராணி’ன்னு வெச்சுக்கலாமே? கேக்கறதுக்கும் கம்பீரமா இருக்கும்.”

“ஏம்ப்பா? நீங்கதானே மீன்னு சொன்னீங்க?”

“சொன்னேன். சொன்னேன்தான். இருந்தாலும்...”

“எங்கப்பாவுக்குத் தெரியாத மீனா?” என்று பாப்பா அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வியாழக்கிழமை கடையை நண்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, சோப்பைக் கரையக் கரையத் தேய்த்துக் குளித்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். டீச்சர் வகுப்பு வாசலில் வண்ணக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தார். மீன்காரர் வாசனை எட்டாத தூரத்தில் நின்றுகொண்டார்.

“டீச்சர், ஒரு தப்பு நடந்துபோச்சு. டால்பின் மீனுன்னு பாப்பாகிட்ட நான்தான் சொல்லிக் குடுத்தேன். பிள்ளை மேல ஒரு தப்பும் இல்ல. அது மீன் கிடையாதாம், நல்லா விசாரிச்சுட்டேன். நாளைக்கு அவ தலைகுனிஞ்சு நிக்கக் கூடாது. நீங்களே கொஞ்சம் பக்குவமா எடுத்துச் சொல்லிடுங்க. நான் சொன்னேன்னு மட்டும்...” துண்டை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். “இல்ல, நான் சொன்னேன்னே சொல்லுங்க. அப்பனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சா நினைச்சிட்டுப் போகட்டும்.”

டீச்சர் கையிலிருந்த காகிதமெல்லாம் கீழே விழுந்தது.

“ஐயையோ, உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சா? அவ முதல் நாளே பாலூட்டின்னுதாங்க எழுதினா. நீங்க வந்து நிக்கிற நேரம் மட்டும் எல்லாரும் அதை மீன்னு சொல்லணும்னு வகுப்பு மொத்தத்துக்கிட்டயும் சத்தியம் வாங்கியிருக்கா, என்கிட்டயும் சேர்த்து!”