சத்தம் போன கடைசிக் காட்சி

ஸ்க்ரீன்ல புருஷன் ரயில் ஜன்னல் வழியா ஏதோ சொல்றான், பொண்டாட்டி பிளாட்பாரத்துல நின்னு ஏதோ சொல்றா, ஆனா ஹெட்போன்ல ஒரு சத்தமும் வரல. ஸ்க்ரீன் முன்னாடி உக்காந்திருந்தவன் வயரைப் புடுங்கி மறுபடி சொருகிப் பார்த்தான். காதைக் குடைஞ்சும் பார்த்தான்.

"வயர்ல ஒண்ணும் இல்லப்பா. டேப்லயே அவ்வளவுதான்"னு பக்கத்து சீட்டு சவுண்டுக்காரர் சொன்னாரு.

அது ஒரு பழைய டிவி தொடர். உளவு பார்க்கிற ஒரு புருஷன் பொண்டாட்டி, வாரம் ஒரு நாடு. ஒரு வாரம் பனிமலை, அடுத்த வாரம் பாலைவனம். எங்க போய் இறங்கினாலும் அந்தம்மாவுக்குக் கொண்டை கலையாது, அவருக்குக் கோட்டு கசங்காது. முப்பது வருஷத்துக்கு முன்னாடி தமிழ்ல டப்பிங் பண்ணிப் போட்டாங்க. இப்போ அதைத் தூசி தட்டி இணையத்துல விடறாங்க. பேசறதைக் கேட்டு கீழே எழுத்தா அடிக்கிறதுதான் அவன் வேலை. புதுசா சேர்ந்தவன், இன்னும் நிரந்தரம் பண்ணல.

மேனேஜரம்மா வந்து பின்னாடி நின்னாங்க. "இது சாயங்காலம் போயாகணும். அந்தக் காலத்துல பார்த்தவங்க யாரையாவது புடிச்சு வசனத்தைக் கேளு. சொந்தமா மட்டும் எழுதிடாதே. உனக்கு முன்னாடி இருந்தவன் அப்படித்தான் எழுதினான்."

"அவரு இப்போ எங்க இருக்காரு மேடம்?"

"தெரியாது. இங்க இல்ல."

வேலை போனா ஊருக்குத் திரும்பணும். திரும்பினா எந்த வீட்டுக்கு? அதுதான் பிரச்சனை. அப்பா வெளிநாட்டுல, அம்மா ஊர்லன்னு இருந்த வரைக்கும் அவங்களுக்குள்ள ஒரு சண்டை கிடையாது. அப்பா ரிட்டயர் ஆகி வந்து, ரெண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழ இருக்க ஆரம்பிச்சாங்க. ஃபேனை எத்தனைல வைக்கிறதுன்னு ஆரம்பிச்சது, அம்மா பெட்டியோட அவன் அக்கா வீட்டுக்குப் போறதுல முடிஞ்சது. இப்போ பேச்சுவார்த்தையே இல்ல. இவன் போய் இறங்கினா யார் வாசல்ல பெட்டியை வைக்கிறது? ஒருத்தர் வாசல்ல வெச்சா இன்னொருத்தர் சாகற வரைக்கும் சொல்லிக் காட்டுவாங்க.

அம்மாவுக்குப் போன் போட்டான்.

"அம்மா, அந்த உளவாளி புருஷன் பொண்டாட்டி தொடர், அப்போ நீ பார்த்திருக்கியா?"

"எதுக்குடா கேக்கற?"

"ஒரு காட்சிக்கு வசனம் தெரியணும். தெரியலைன்னா என் வேலைக்கு வேட்டு."

"பார்த்தேன் பார்த்தேன். எந்தக் காட்சி?"

"ரயில் கிளம்பும். அவரு உள்ள, அந்தம்மா வெளிய."

"ஆங், அதுவா. அவ சொல்லுவா, 'ஜன்னலோரம் உக்காராதீங்க, காத்து பட்டா உங்களுக்குக் காது அடைச்சுக்கும்'னு."

அவன் அடிக்கிறதை நிறுத்தினான். "அம்மா, போன வாரம் அவரு ஹெலிகாப்டர்ல தொங்கிட்டுப் போனாரும்மா."

"அதான் காது அடைச்சிருக்கு. எழுது."

எழுதினான். மேனேஜரம்மா படிச்சுப் பார்த்தாங்க. "நல்லாத்தான் இருக்கு. அவனுக்கும் வாய் அசையுதே, அவன் என்ன சொல்றான்?"

மறுபடி அம்மா. "அவரு என்னத்தச் சொன்னாரு. உம்முன்னு இருந்தாரு."

"வாய் அசையுதும்மா."

"சூயிங்கம்மா இருக்கும்."

வேற வழி இல்லாம அப்பாவுக்குப் போட்டான். அப்பாவும் முதல்ல எதுக்குன்னு கேட்டாரு, வேலை விஷயம்னதும் தொண்டையைக் கனைச்சுகிட்டாரு. "பார்த்திருக்கேன். அவன் சொல்றான், 'போகாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லு, நான் இப்பவே இறங்கிடறேன்'னு."

"அப்பா, அவரு பெட்டியில வெடிகுண்டு இருக்கு. எல்லை தாண்டிக் கொண்டு போகலைன்னா ஊரே சாம்பலாயிடும்."

"ஆகட்டும். கட்டினவ பேச்சைக் கேக்கறதைவிட ஊரு பெருசா?"

பொண்டாட்டியோட பேச்சைக் கேட்டு ஃபேனை ஒரு நம்பர் குறைக்காத மனுஷன் சொல்றாரு. அவன் அதையும் அடிச்சான்.

அதோட விட்டிருக்கலாம். சரிபார்க்கிறேன்னு அம்மாவுக்கு அதைப் படிச்சுக் காட்டினான், அங்கதான் வினை.

"இறங்கிடறேன்னா? யாரு சொன்னது?"

"அப்பாதான். அவருக்கு ஞாபகம் இருக்காம்."

"அப்போ அவ பதில் சொல்லுவா இல்ல? எழுது. 'காலையில இருந்து அதைச் சொல்லத்தான் வாய் வருது. உங்க ஆளுங்க சுத்தி நிக்கறாங்க, நான் எப்படிச் சொல்ல.'"

"பிளாட்பாரத்துல யாருமே இல்லம்மா. தூணுக்குப் பின்னாடி துப்பாக்கி வெச்சுகிட்டு ஒருத்தன் நிக்கறான், அவ்வளவுதான்."

"அவன்தான் மச்சினன்."

இதை அப்பாகிட்ட சொன்னா, அவரு அதுக்கு ஒரு பதில் தந்தாரு. அதுக்கு அம்மா ஒண்ணு. ரயில் ஸ்டேஷனைத் தாண்டிப் போயிடுச்சு, வசனம் இன்னும் ஓடிகிட்டிருக்கு.

சவுண்டுக்காரர் எட்டிப் பார்த்தாரு. "என்னப்பா இது, கொலைகாரன் மூஞ்சியே தெரியல, பூரா எழுத்தா இருக்கு."

மாத்தி மாத்திப் போன் போட்டு அவனுக்குக் கை வலிச்சுது. ரெண்டு பேரையும் ஒரே லைன்ல கோத்துவிட்டா சட்டுன்னு முடியும்னு நெனச்சான். ஸ்பீக்கர்ல போட்டான்.

"அவரை ஒண்ணு கேளுடா"ன்னு அம்மா ஆரம்பிச்சாங்க. "இறங்கிடறேன்னவன் ஏன் இறங்கலையாம்?"

"அவகிட்ட சொல்லுடா, அவ குனிஞ்சுகிட்டே நின்னா. நிமிர்ந்து ஒரு தடவை பார்த்திருந்தா இறங்கியிருப்பான்னு."

"நிமிர்ந்தா அழுதுடுவேன், குழந்தை பயந்துக்கும்னு நின்னாளாம். சொல்லு."

"அம்மா, அவங்களுக்குக் குழந்தையே கிடையாது."

"இருந்துச்சு. கையைப் புடிச்சுகிட்டு நின்னுச்சு. டிவிக்காரன் படத்துல கீழ்ப்பக்கத்தை வெட்டிட்டான்."

அப்பா இப்போ அவன்கிட்ட சொல்லல, நேரா பேசினாரு. "போன இடத்துல ஒரு நாள்கூட அவன் ஜன்னலோரம் உக்காரல." அதுக்கு அப்புறம் லைன்ல யாரும் பேசல.

அப்பவே அவனுக்கு உறைச்சிருக்கணும். உறைக்கல. கண்ணு பூரா கடிகாரத்துமேல இருந்துச்சு. கடைசி வரியை அடிச்சு முடிச்சு, லைன்ல இருந்து தான் மட்டும் விலகி, அப்பாடான்னு திரும்பினா, மேனேஜரம்மா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுகிட்டு நிக்கறாங்க.

"யாரு இவங்க?"

"அப்போ தொடரை விடாம பார்த்தவங்க மேடம்."

"அதானே. இதையெல்லாம் யாராலயும் சொந்தமா எழுத முடியாது. மாத்தாம அப்படியே அனுப்பு. நாளைக்கு என் ரூமுக்கு வா, உன்னை நிரந்தரம் பண்ணிடலாம்."

அவன் படியில ரெண்டு ரெண்டாத் தாவி இறங்கினான். நல்ல சேதியை யார்கிட்ட முதல்ல சொல்றதுன்னு அங்கயும் ஒரு குழப்பம், அதனால வாசல்லயே நின்னான். அதுக்குள்ள அக்கா கூப்பிட்டா.

"என்னடா பண்ணித் தொலைச்ச? அம்மா போனைக் காதுல வெச்சுகிட்டு ஆடாம அசையாம உக்காந்திருக்காங்க. அந்தப் பக்கம் அப்பா மூச்சு விடறது கேக்குது. ரெண்டு பேரும் பேசவும் மாட்டேங்கறாங்க, வெக்கவும் மாட்டேங்கறாங்க."

"ஒண்ணும் இல்லக்கா. அவங்க சேர்ந்து பார்த்த பழைய தொடர். ரயில்ல ஏத்திவிடற காட்சி. வசனம் கேட்டேன், அட்சரம் பிசகாம சொல்லிட்டாங்க. என் வேலையே தப்பிச்சுது." பெருமையா ஒவ்வொரு வரியா அவளுக்குப் படிச்சுக் காட்டினான்.

படிச்சு முடிச்சதும் அக்கா மெதுவாச் சொன்னா.

"நம்ம வீட்டுல அப்போ டிவியே கிடையாதேடா. வெளிநாட்டுக்குப் போக அப்பாவை ரயில் ஏத்திவிட்ட அன்னைக்கு அம்மா கையைப் புடிச்சுகிட்டு நின்னது நான்தான், ரயில் மறையற வரைக்கும் ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கல."