ஈரல் செல்லும் பச்சைப் பாக்கெட்டும்

பொதுமக்களின் உடல்நலத்தைக் கருத்தில் கொண்டு, தைவான்ல இருக்குற தைனான் நகரத்து உணவு நிற ஆய்வு அலுவலகம் ஒரு முடிவெடுத்துச்சு. ஈரல் புற்றுநோய் செல்லைத் தட்டுல வளக்கணும். பாதித் தட்டுக்கு மிட்டாய்ல போடுற மஞ்சள் சாயம், மீதித் தட்டுக்கு வைட்டமின். ஒப்பிட்டுப் பாக்க, எதுவும் ஊத்தாத தட்டு ஒண்ணு தனியா. எது நல்லது, எது கெட்டதுன்னு கண்டுபிடிச்சு மேலிடத்துக்கு அனுப்பணும்.

பொறுப்பு சூஃபென் அக்காவோடது. பதினோரு வருஷமா ஒப்பந்த ஆய்வாளர். நான் முனைவர் படிப்பைப் பாதியில விட்டுட்டு அவங்ககிட்ட செல்லுக்குத் தீனி போடுற வேலையில இருந்தேன். அறிக்கைப் படிவத்துல கடைசியா ரெண்டே ரெண்டு கட்டம்: நல்லது, கெட்டது. கீழே பொடி எழுத்துல, "முடிவு எட்டாத ஆய்வாளரின் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட மாட்டாது." அக்கா அந்தப் பொடி எழுத்தைப் படிச்ச நாள்லேருந்து சரியாச் சாப்பிடல.

மேலதிகாரி குவோ, துணை இயக்குநர். நேர்ல கூப்பிடும்போது 'துணை'யை முழுங்கிடணும், இல்லன்னா கோப்பு நகராது. ஒரு நாளைக்குப் பத்தொன்பது வைட்டமின் மாத்திரை முழுங்குவார். அவர் முழுங்குறாரேன்னு ஆபீஸே முழுங்கும். எங்க கழிப்பறைக்குள்ள போனா, ஆய்வுக்கு வாங்கின மஞ்சள் சாயத்தை யாரோ கொட்டிட்டாங்கன்னுதான் தோணும்.

ஆறு வாரத்துல ரிசல்ட் வந்துச்சு. அக்கா தட்டை எடுத்துட்டுப் போய் குவோகிட்ட காமிச்சாங்க. நானும் கூடப் போனேன்.

"சாயம் ஊத்தின தட்டுல முக்காவாசி செத்துப் போச்சு, இயக்குநரே."

"கொன்னுடுச்சுல்ல? கெட்டதுன்னு டிக் போடு."

"செத்தது புற்றுநோய் செல்லுங்க."

குவோ பேனாவை மூடினார். திறந்தார். "அப்ப நல்லதா?"

"நல்லதுன்னு போட்டா ஊரே சாயத்தைக் கரைச்சுக் குடிக்கும்."

"சரி, அதை விடு. வைட்டமின் தட்டு எப்படி இருக்கு?"

"கொழுகொழுன்னு இருக்கு."

"பாத்தியா. நல்லது."

"கொழுத்ததும் புற்றுநோய் செல்லுதாங்க."

குவோ மேசை மேல இருந்த மாத்திரை டப்பாவைப் பாத்தார். அப்புறம் மெதுவா, "எந்த வைட்டமின் ஊத்தின?"ன்னு கேட்டார்.

"காலையில நீங்க போடுறதுதான்."

மாத்திரை டப்பாவை மேசை ட்ராயருக்குள்ள தள்ளிப் பூட்டினார். சாவியை எங்கிட்ட குடுத்தார். பத்து நிமிஷம் கழிச்சு சாவியைத் திருப்பி வாங்கிக்கிட்டார்.

இதெல்லாம் தட்டுல நடந்தது, அதுவும் இவ்வளவு அதிகமா ஊத்தினதால நடந்தது, மனுஷன் ஈரலுக்கு என்ன ஆகும்னு இதை வச்சுச் சொல்ல முடியாதுன்னு அக்கா எடுத்துச் சொன்னாங்க. அவர் படிவத்தைப் புரட்டிப் பாத்துட்டு, அதுக்குக் கட்டம் இல்லன்னுட்டார்.

அஞ்சு பேர் கொண்ட குழு கூடிச்சு. பபிள் டீ மூணு தடவை வந்துச்சு. மூணாவது டீயில தீர்மானம் பிறந்துச்சு: "இவ்வாய்வின் பொருட்டு, மேற்படி புற்றுநோய்ச் செல்லானது நற்செல் எனக் கருதப்படும்." ஆக, அதைக் கொல்ற சாயம் கெட்டது. அதை வளக்குற வைட்டமின் நல்லது. புற்றுநோய்க்கு அரசாங்கத்துல நன்னடத்தைச் சான்றிதழ் கிடைச்சது எனக்குத் தெரிஞ்சு அதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை மேலிடத்துலேருந்து பெங் அம்மான்னு பெரிய ஆய்வாளர் வர்றாங்க, அவங்க முன்னாடி தட்டைக் காட்டிட்டா ஒப்பந்தம் நீளும்னு குழு அக்காவுக்கு உறுதி குடுத்துச்சு. அக்கா அன்னைக்கு ஒரு பியன்டாங் சோத்து டப்பா முழுசாச் சாப்பிட்டாங்க.

வியாழக்கிழமை சாயங்காலம் குவோ கடைசியா ஒரு சுத்துப் பாக்க வந்தார். செல் வளக்குற இன்குபேட்டர் தலையில வழக்கம்போல பச்சைப் பாக்கெட். மக்காச்சோளப் பொரி. எங்க ஊர்ல மெஷின்னு ஒண்ணு இருந்தா மேல இந்தப் பாக்கெட் இருக்கும், அப்பதான் அது சமத்தா ஓடும். பச்சைதான் வைக்கணும். மஞ்சள் வச்சா மெஷின் கோவிச்சுக்கும். தேதி தாண்டக் கூடாது, யாரும் பிரிச்சுத் தின்னக் கூடாது. பெரிய பெரிய பட்டம் வாங்கினவங்கதான் இதுல ரொம்பக் கறார்.

குவோ பாக்கெட்டைத் திருப்பிப் படிச்சார். பொரிக்குள்ள சாயம் இருக்கான்னு தேடினார். இல்ல. ஆனா பாக்கெட்டே பச்சையா இருக்கே, அதுவும் ஒரு சாயம்தானே, சாயத்தை ஆராயுற இடத்துல சாயத்தையே காவலுக்கு வச்சா பெங் அம்மா என்ன நினைப்பாங்கன்னு கேட்டார். எடுத்துட்டு, அந்த இடத்துல பெரிய வைட்டமின் ஜாடியை வச்சார்.

"இயக்குநரே, மெஷினுக்கு ஆகாது"ன்னு அக்கா சொன்னாங்க.

"மனுஷனுக்கு ஆகுறது மெஷினுக்கு ஆகாதா?"

பாக்கெட்டைக் குப்பையில போட அவருக்கே கை வரல. விருந்தாளிக்கு வைட்டமின் பானம் வைக்கக் குட்டி ஃப்ரிட்ஜ் ஒண்ணு கொண்டு வந்திருந்தார். அது தலையில பாக்கெட்டை வச்சார். குனிஞ்சு, தன் கையாலயே ஃப்ரிட்ஜை பிளக்குல மாட்டிட்டுப் போனார்.

காலையில நான் வந்து பாத்தா இன்குபேட்டர் ஜில்லுன்னு இருக்கு. சாயம் குடிச்சது, வைட்டமின் குடிச்சது, பச்சைத்தண்ணி கூடக் குடிக்காதது, எல்லாச் செல்லும் பரலோகம். பின்னாடி எட்டிப் பாத்தேன். இன்குபேட்டர் ஒயர் தரையில கிடக்கு. அது இருந்த பிளக்குல ஃப்ரிட்ஜ்.

அக்காகிட்ட காமிச்சேன். முகம் செத்த தட்டு மாதிரி ஆயிடுச்சு. உண்மையைச் சொன்னா குவோ கையெழுத்துப் போட மாட்டார். சொல்லலன்னா முடிவு இல்ல. ரெண்டுலயும் ஒப்பந்தம் காலி. யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள பெங் அம்மா உள்ள வந்துட்டாங்க, பின்னாடியே குவோ.

"எல்லாம் செத்துப் போச்சா? நேத்துலேருந்து இன்னைக்குள்ள இங்க என்ன மாறிச்சு?"ன்னு கேட்டாங்க பெங் அம்மா.

அக்கா, "அந்த ஃப்ரிட்ஜ்..."ன்னு ஆரம்பிச்சாங்க.

பெங் அம்மா ஃப்ரிட்ஜைப் பாத்தாங்க. நல்லா உறுமிக்கிட்டு ஓடுது. தலையில பச்சைப் பாக்கெட். இன்குபேட்டரைப் பாத்தாங்க. செத்துக் கிடக்கு. தலையில வைட்டமின் ஜாடி. பைக்குள்ளேருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கிட்டு மறுபடியும் ரெண்டையும் பாத்தாங்க.

"பாக்கெட்டை யாரு நகத்தினது?"

குவோ என்னைப் பாத்தார். நான் அக்காவைப் பாத்தேன். அக்கா குவோவைப் பாத்தாங்க.

"போன வருஷம் எங்க கட்டடத்துல ஒருத்தன் மஞ்சப் பாக்கெட் வச்சான். மூணு நாள் லிஃப்ட் ஓடல. எனக்கு முழங்கால் போனது அதுலதான்"ன்னாங்க பெங் அம்மா. அப்புறம் அக்கா தோளைத் தட்டிக் குடுத்தாங்க. "இவ்வளவு தெளிவா ஒரு முடிவை நான் சமீபத்துல பாத்ததே இல்லம்மா."

அறிக்கை அன்னைக்கே போச்சு. சாயம்: வேறுபாடு இல்லை. வைட்டமின்: வேறுபாடு இல்லை. பச்சைப் பாக்கெட்: நல்லது, டிக். அதை மேலும் ஆராய அக்காவுக்கு ரெண்டு வருஷ ஒப்பந்தம். குவோ, பதவியில இருந்த 'துணை' போய், முழு இயக்குநர் ஆயிட்டார்.

எல்லாரும் போனப்புறம் நானும் அக்காவும் இன்குபேட்டர் பின்னாடி உக்காந்து வயிறு வலிக்கச் சிரிச்சோம். ஒயரை எடுத்து பிளக்கு பக்கத்துல கொண்டு போனேன். அக்கா சிரிப்பை நிறுத்திட்டு என் கையைப் பிடிச்சாங்க.

"முதல்ல பாக்கெட்டை வைப்பா. எதுக்கு வம்பு."

எழுந்து போய் வச்சேன். வைக்கிறதுக்கு முன்னாடி தேதியைப் பாத்தேன். ரெண்டு தடவை.

நீங்க சிரிக்கிறது கேக்குது. சிரிங்க. சிரிச்சு முடிச்சுட்டு, உங்க வண்டி முன்னாடி தொங்குற எலுமிச்சம்பழம் வாடிப் போச்சான்னு ஒரு எட்டுப் பாத்துட்டு வாங்க.