நல்ல உயரமான மேஜை

மேஜை ஆடியது. பெரிய ஆட்டம் இல்லை. கிண்ணத்தை வைத்தால் தேநீர் விளிம்புவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போகும், அவ்வளவுதான்.

"ஒரு அட்டையை மடிச்சுக் காலுக்கு அடியில வைங்க. போதும்," என்றாள் மஸ்தூரா.

எர்காஷ் மனைவியைப் பரிதாபமாகப் பார்த்தார். மர்கிலான் ஊர்க்காரர்களின் பற்களை ராவிச் சமன்செய்தே தலை நரைத்த பல் வைத்தியர் அவர். அட்டை மடிக்கிற ஆளா? அதுவும் நேற்றுத்தான் மஸ்தூராவின் தம்பி யுல்தாஷ், பஜாரில் இருக்கும் தன் கடையிலிருந்து ஒரு பேட்டரி ரம்பம் கொண்டுவந்து கொடுத்திருந்தான். வட்டத் தகடு, ஒரு கைக்குள் அடங்கும், வயர் கிடையாது. "வீட்டு மரவேலைக்கு லாயக்கான்னு சோதிச்சுப் பாருங்க அத்தான். பிடிக்கலைன்னா திருப்பிக் கொடுத்துடுங்க."

சோதிக்க மரம் வேண்டாமா? இதோ மரம்.

"நாளைக்கு அவங்க வர்றாங்க. ஞாபகம் இருக்கட்டும்," என்றாள் மஸ்தூரா.

ஞாபகம் இல்லாமலா? மகள் திலோரத்தைப் பெண் கேட்டு நாளை வருகிறார்கள். பேச்சு ஒத்துவந்தால் மேஜையிலேயே ரொட்டியை உடைப்பார்கள். உடைத்துவிட்டால் கல்யாணம் நிச்சயம். திலோரத்துக்கு அந்தப் பையனை ரொம்பப் பிடித்திருந்தது. பையனின் தாய் முகர்ரம் போன வாரம் தொலைபேசியில் பேசியபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எனக்கு முழங்கால் சரியில்ல. தரையில உட்கார முடியாது. உங்க வீட்ல மேஜை நாற்காலி இருக்கா? நல்ல உயரமான மேஜைதானே?"

"இருக்கே!" என்று சொல்லி வைத்துவிட்டு, அன்றைக்கே மஸ்தூரா போய் அந்த மேஜையையும் ஆறு நாற்காலிகளையும் வாங்கினாள். காலகாலமாக வீட்டில் கிடந்த குட்டை மேஜையை, இடத்தை அடைக்கிறது என்று அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

முற்றத்தில், திராட்சைக் கொடிப் பந்தலுக்கு அடியில் மேஜை கவிழ்ந்து கிடந்தது. எர்காஷ் ஒரு காலில் கோடு போட்டு ரம்பத்தை வைத்தார். சத்தம் குறைவு. அதிர்வும் இல்லை. தகடு வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கிப் பாதிக் காலோடு நின்றுவிட்டது.

தகடு சின்னது, கால் தடி. குறை ரம்பத்திலா காலிலா என்பது விவாதத்துக்குரியது. எர்காஷ் காலைத் திருப்பி, எதிர்ப்பக்கத்திலிருந்து அறுத்தார். துண்டு விழுந்தது. ஆனால் இரண்டு வெட்டும் சந்திக்கவில்லை. நடுவில் ஒரு படி.

"படியைச் சமன்செய்யணும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கொஞ்சம் மேலே அறுத்தார்.

இப்போது அந்தக் கால் மற்ற மூன்றையும்விடக் குட்டை. ஆகவே மற்ற மூன்றும். மூன்றிலும் படி. ஆகவே மறுபடியும். நிமிர்த்தி வைத்தார்கள். மேஜை ஆடியது, இந்தத் தடவை வேறு திசையில்.

"வெட்டு நேரா இருக்கு," என்றார் எர்காஷ்.

"வெட்டு நேராத்தான் இருக்கு டாக்டரே. மேஜைதான் கோணலா இருக்கு."

"பல்லுல கடி சரியா சேருதான்னு பாக்குற மாதிரிதான். ஒரு பக்கம் உயரம்னா லேசா ராவணும். பொறுமையா இரு."

"பல்லுன்னா ராவி ராவித் தீந்துபோனா பிடுங்கிடலாம். மேஜையை என்ன பண்ணுவீங்க?"

பேட்டரி தீர்ந்தது. சார்ஜ் ஏறும்வரை இருவரும் ஒருவரையொருவர் பாராமல் தேநீர் குடித்தார்கள். பிறகு மறுபடியும் ரம்பம் பாடியது. சாயங்காலத்துக்குள் மேஜை ஆட்டத்தை நிறுத்திக்கொண்டது. மஸ்தூரா நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். மேஜை அவள் முழங்காலுக்குக் கீழே இருந்தது.

"நாற்காலியையும் கொஞ்சம்..." என்று எர்காஷ் ரம்பத்தைத் தூக்கினார்.

"நாற்காலியைத் தொட்டீங்கன்னா அந்த ரம்பத்தோட எங்க தம்பி வீட்லயே போய் இருந்துக்குங்க!"

அவள் மேஜையை ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள். "நாற்காலிக்கும் ஆகல, தரைக்கும் ஆகல. பாக்குறவங்க சிரிப்பாங்க. முழுசா குட்டை மேஜையாவே ஆக்கிடுங்க. வேணும்னு செஞ்ச மாதிரியாவது இருக்கும்."

எர்காஷ் அறுத்தார். மனசே இல்லாமல் அறுத்ததாலோ என்னவோ, நான்கு காலும் முதல் தடவையிலேயே அச்சாக அமைந்தன. ஆறு நாற்காலிகளையும் மாட்டுக் கொட்டகையில் ஒளித்து வைத்தார்கள்.

காலையில், அறைக்குள் கொண்டுவந்து போட்ட மேஜைமேல் திலோரம் விரிப்பை விரித்தாள். உயரமான மேஜைக்கென்று தைத்தது. நான்கு பக்கமும் தரையில் குவிந்து கிடந்தது. ஓரங்களை அழகாக மடித்து, உட்காரப் போட்டிருந்த மெத்தைகளுக்கு அடியில் செருகினாள். அவள் அழுதிருந்தால்கூட எர்காஷ் தாங்கியிருப்பார். மடித்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஒரு சின்ன ஆட்டத்துக்காக மகளின் வாழ்க்கையை அறுத்துவிட்டோமே!

பகலில் அவர்கள் வந்தார்கள். முகர்ரம் வாட்டசாட்டமான அம்மாள். பின்னால் அவள் கணவர் நோர்மத், இரும்புக்கடைக்காரர், அதிகம் பேசாதவர். அறை வாசலில் முகர்ரம் நின்றாள். தரையில் விரித்த மெத்தைகளைப் பார்த்தாள். குட்டை மேஜையைப் பார்த்தாள். முகம் அப்படியே விழுந்துவிட்டது.

"நாற்காலின்னு சொன்னீங்களே..."

"அக்கா, அது வந்து..." என்று இழுத்தாள் மஸ்தூரா. எர்காஷ் கூரையை ஆராய்ந்தார்.

நோர்மத் மட்டும் உள்ளே போய்க் குனிந்தார். விரிப்பைத் தூக்கி மேஜைக்காலின் அடியை விரலால் தடவினார். நிமிர்ந்து எர்காஷை நேருக்கு நேர் பார்த்தார்.

"பேட்டரியா?"

"ஆமாங்க."

"ரெண்டு பக்கமா அறுத்தீங்களா?"

"ஆமாங்க."

"படி விழுந்துச்சா?"

"விழுந்துச்சுங்க," என்றார் எர்காஷ், குற்றத்தை ஒப்புக்கொள்ளும் குரலில்.

நோர்மத் துக்க வீட்டில் செய்வதுபோல் எர்காஷின் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார்.

முகர்ரம் நீண்ட பெருமூச்சு விட்டாள். பிறகு எதையும் பிடிக்காமல், யாருடைய கையையும் தேடாமல், மடமடவென்று மெத்தைக்கு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தட்டிலிருந்த ரொட்டியை எடுத்தாள். கணவரை ஒரு பார்வை பார்த்தாள். படாரென்று உடைத்துப் பாதியை மஸ்தூராவின் கையில் வைத்தாள்.

அறையின் மூலையில் திலோரம் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"சம்பந்தியம்மா," என்றாள் மஸ்தூரா, ரொட்டியைக் கீழே வைக்கவும் மறந்து. "உங்க முழங்காலு?"

"முழங்காலுக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கு. போன மாசம் இவரும் ஒரு ரம்பம் வாங்கினாரு. அன்னையிலேருந்து தரையிலதான் உட்காந்திருக்கேன். உங்க வீட்லயாவது ஒரு வேளை நாற்காலியில உட்காந்து சாப்பிடலாம்னு வந்தேன்."