சாமி அலமாரியில வச்ச ரெண்டு டிஸ்க்கு

சனிக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். அருப்புக்கோட்டை போயி, செத்துப்போன படப்பொட்டிக்குப் பதிலா புதுப்பொட்டி வாங்கிட்டு வரணும்.

படப்பொட்டின்னா டிவி இல்லைங்க. டிவிக்குப் பக்கத்துல, ரெண்டு செங்கலை அடுக்குன மாதிரி கருப்பா ஒண்ணு இருக்கும். உள்ள ரெண்டு ஹார்டு டிஸ்க்கு. வீட்டு வீடியோ, போட்டோ, சினிமா எல்லாம் அதுக்குள்ளதான். ரிமோட்ல தேடுனா டிவியில வந்துரும். சென்னையில கம்ப்யூட்டர் வேலை பாக்குற எம்மகன் வாங்கி மாட்டிட்டுப் போனது.

எங்க ரெட்டியபட்டிப் பக்கம் கரண்டு போகும், வரும். அப்படி ஒருநா போன கரண்டு, பொட்டியோட உசுரையும் கூட்டிட்டுப் போயிருச்சு.

மகனுக்குப் போன் போட்டு அழுதேன்.

"எம்மா, பொட்டிதான் போயிருக்கு. டிஸ்க்கு நல்லாத்தான் இருக்கும். அதே கம்பெனியில புதுப்பொட்டி மட்டும் வாங்கு. பழைய டிஸ்க்க உருவி அதுல மாட்டு. எல்லாம் பழையபடி வந்துரும்."

"நானா? குக்கருக்கு கேஸ்கட் மாட்டவே எனக்கு உங்கப்பா வேணுமேடா!"

"டிராயர் மாதிரி இழுத்தா வந்துரும்மா."

வேற நேரமா இருந்தா ஆறப் போட்டிருப்பேன். ஆனா ஞாயித்துக்கிழமை மதினி வாராக.

மதினின்னா எம்மகளோட மாமியாரு. காரியாபட்டிக்காரக. நல்ல மனுசிதான். ஆனா கல்யாணம் முடிஞ்ச நாள்லருந்து அவுகளுக்கு ஒரே குறை. "மண்டபத்து வாசல்ல எனக்கு ஆரத்தி எடுக்க ஒரு ஆளு இல்ல!" நல்லது கெட்டது எங்க பாத்தாலும் இந்தப் பேச்சுதான். போன வாரம் போன்லயும் ஆரம்பிச்சாக. எனக்கு ரோசம் பொத்துக்கிட்டு வந்துருச்சு.

"மதினி, எங்கையாலதான் ஆரத்தி எடுத்தேன். வீடியோவுல இருக்கு. ஞாயித்துக்கிழமை வாங்க, டிவியில போட்டே காட்டுறேன்!"

சொன்ன மறுநா பொட்டி செத்துச்சு.

வேற காப்பி இல்லையான்னு கேப்பீங்க. இருந்துச்சு. ஸ்டுடியோக்காரர் ஒரு பென்டிரைவு குடுத்தாரு. அதை எங்க வீட்டுக்காரர் சட்டைப் பையோட சேத்துத் துவச்சு, நீலம் போட்டு, வெயில்ல காய வச்சவ நான்தான்.

ஆக, என் மானம் முச்சூடும் அந்த ரெண்டு டிஸ்க்குக்குள்ள.

சனிக்கிழமை கிளம்புறேன். வீட்டுக்காரர் வாசல மறிச்சுக்கிட்டு நிக்கிறாக.

"சனிக்கிழமை இரும்பு வாங்கி வீட்டுக்குள்ள கொண்டாரக் கூடாது."

"அது பிளாஸ்டிக்குங்க."

"உள்ள?"

"உள்ள என்ன இருந்தா நமக்கென்ன? வழிய விடுங்க, பஸ்ஸு போயிரும்."

கடைக்காரர் பாய் நல்லவரு. "டிஸ்க்கும் சேத்துப் போட்டுத் தரவாக்கா?"ன்னாரு.

"வேணாம் பாய், டிஸ்க்கு வீட்டுல இருக்கு. பொட்டி மட்டும் போதும். இது பிளாஸ்டிக்குதான பாய்?"

அவரு விரலால தட்டிக் காமிச்சாரு. டங்குன்னு சத்தம்.

"பிளாஸ்டிக்கா? தகடுக்கா! நல்ல கனமான இரும்புத் தகடு!"

பெருமையாச் சொல்றாராம். வர்ற வழியெல்லாம் பொட்டியப் பச்சப்புள்ள மாதிரி மடியில வச்சுக்கிட்டு, சனீஸ்வரனுக்கு சமாதானம் சொல்லிக்கிட்டே வந்தேன்.

சாயங்காலம் மகன் போன்ல வந்தான்.

"மேல இருக்கிறது ஒண்ணாம் டிஸ்க்கு, கீழ இருக்கிறது ரெண்டு. மாறவே கூடாது. அடையாளம் வச்சுட்டுக் கழட்டு. பொட்டிக்குன்னு உன் போன்ல ஒரு ஆப் போட்டுக் குடுத்தேன்ல, மாட்டுன பெறகு அதுல ஏதாச்சும் கேட்டுச்சுன்னா எதையும் அமுக்காத. எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பு."

அடையாளம் வைக்க வீட்டுல ஒரு பேனா எழுதுமா? எழுதாது. சுத்திப் பாத்தேன். சாமிகிட்ட சந்தனக் கிண்ணம் இருக்கு, குங்குமச் சிமிழ் இருக்கு. ஒண்ணாம் டிஸ்க்குக்கு ஓரத்துல சந்தனம் ஒரு பொட்டு. ரெண்டாவதுக்குக் குங்குமம் ஒரு பொட்டு. முடிஞ்சது சோலி! எட்டாவதோட நின்னவ மூளைய நானே மெச்சிக்கிட்டேன்.

மாட்டலாம்னு திரும்புனேன். கரண்டு போயிருச்சு.

சரி, காலையில பாத்துக்கலாம். அதுவரைக்கும் டிஸ்க்க எங்க வைக்கிறது? கட்டில்ல வச்சா இவுக உக்காந்துருவாக. அடுப்படியில வச்சா எண்ணெ தெறிக்கும். வீட்டுலயே பத்திரமான இடம் சாமி அலமாரிதான். சாமி படத்துக்குக் கீழ ரெண்டையும், பக்கத்துல புதுப்பொட்டியையும் வச்சுட்டு நிம்மதியாப் போயிட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலையில கோழிக் கொழம்பக் கூட்டி அடுப்புல வச்சுட்டு வந்து பாக்குறேன். அடி ஆத்தீ!

ரெண்டு டிஸ்க்குலயும் பட்டையாச் சந்தனம். நடுவுல காசு அகலத்துக்குக் குங்குமம். புதுப்பொட்டிக்கும் அதே. வயருக்கும் அதே. பழைய ரிமோட்டு, பாவம், அதுக்கும் ஒரு பொட்டு.

"ஏங்க! என்ன பண்ணி வச்சிருக்கீக?"

குளிச்சு முழுகி, நெத்தி நெறைய திருநீறோட வந்தாக. "நீதான் அரையும் குறையுமா வச்சிட்டுப் போயிருந்த. ஒண்ணுக்கு வெறும் சந்தனம், ஒண்ணுக்கு வெறும் குங்குமம். அப்படியா வைப்பாக? நான்தான் நெறவா வச்சேன். சனிக்கிழமை இரும்ப உள்ள கொண்டாந்திருக்க, வேற என்ன பரிகாரம் இருக்கு?"

தலையில கை வச்சு உக்காந்துட்டேன். தூங்கிட்டிருந்த மகன வீடியோ கால்ல எழுப்புனேன்.

"பதறாதம்மா. டிஸ்க்கு மேல ஸ்டிக்கர் இருக்கும், அதுல நம்பர் இருக்கும். காட்டு, நான் எழுதி வச்சிருக்கேன்."

"சந்தனத்துக்குள்ள இருக்குப்பா."

"தொட.. ஈரத்துணி வேணாம்மா! காஞ்ச துணி!"

அவன் சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஈரத்துணி போட்டு அழுத்தித் தொடச்சிட்டேன். சந்தனம் போச்சு. கூடவே நம்பரும் போச்சு. ரெண்டாவது டிஸ்க்குல கைய வைக்க எனக்குத் தைரியம் வரல.

"நல்லாக் காய வச்சு, ஏதாவது ஒண்ண மேல மாட்டும்மா. பாப்போம்"னான்.

காத்தாடிக்குக் கீழ காய வச்சேன். குலசாமிய நெனச்சு மாட்டுனேன். சுவிட்சப் போட்டேன். போன்ல செவப்பா ஏதோ இங்கிலீசுல வந்துச்சு. அதுக்குக் கீழ பெருசா ஒரு நீலப் பட்டனு, சின்னதா ஒரு வெள்ளப் பட்டனு. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன். அதுக்குள்ள எந்தோள் மேல ஒரு விரல் வருது.

"நீலம்தான் பெருசா இருக்கு. அதத்தான் அமுக்கச் சொல்றான். அமுக்கு."

கையில இருந்த கொழம்புக் கரண்டியாலயே அந்த விரல்ல ஒண்ணு போட்டேன். போட்டோ எடுத்து மகனுக்கு அனுப்புனேன். ஒடனே போன் அலறுச்சு.

"எம்மா! நீலத்த அமுக்கிராத! டிஸ்க்குல இருக்கிற எல்லாத்தையும் அழிச்சிரும்!"

நான் இவுகளப் பாத்தேன். இவுக சந்தனக் கிண்ணத்தப் பாத்தாக.

"டிஸ்க்கு மாறியிருக்கும்மா. ஆஃப் பண்ணிட்டு, மேல உள்ளதக் கீழ மாத்திப் போட்டு, ஆன் பண்ணு. அம்புட்டுதான்."

"அம்புட்டுதானா? மாத்திப் போட்டா ஒண்ணும் ஆகாதா?"

"ஒண்ணும் ஆகாது."

"அப்ப எதுக்குடா மாறவே கூடாது, மாறவே கூடாதுன்னு எம்பிராணன வாங்குன?"

"அப்படிச் சொல்லலைன்னா ரெண்டையும் வெங்காயக் கூடையில போட்டு வச்சிருப்ப!"

பெத்தவளத் தெரிஞ்சு வச்சிருக்கான்.

மாத்திப் போட்டேன். பச்ச வெளக்கு ஒண்ணு எரிஞ்சது. அப்புறம் இன்னொண்ணு. டிவியில எம்மக மாலையும் கழுத்துமா சிரிக்கிறா! எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அப்பப் பாத்து வாசல்ல ஆட்டோச் சத்தம்.

மதினி வந்ததும் மொதல்ல பொட்டியத்தான் பாத்தாக. "எதுக்கு மதினி இதுக்கு இம்புட்டுச் சந்தனம்?"

"உண்மை இதுக்குள்ள இருக்குல்ல மதினி, அதான்."

கெத்தா ரிமோட்ட எடுத்தேன். மண்டபத்து வாசல் வந்துச்சு. பட்டுச்சேலையில, ஆரத்தித் தட்டோட நான் ஓடி வாரேன்.

"பாருங்க மதினி, யாரு அது? நான்தான!"

ஒரு வேன் வந்து நிக்குது. நான் சுத்துறேன். அப்படிச் சுத்துறேன். வேனுக்குள்ளருந்து மொதல்ல ஒரு அண்டா எறங்குது. அப்புறம் ரெண்டு கரண்டி. அப்புறம் சமையல் மாஸ்டர். நான் அவரு நெத்தியில பொட்டு வைக்கிறேன். அவரு கூச்சப்பட்டு நெளியிறாரு.

அந்தப்பக்கம் காருலருந்து மதினி எறங்கி, கையில பைய வச்சுக்கிட்டு, யாரும் கேக்காம உள்ள போறாக.

அடுப்புல கோழி மட்டும் கொதிக்குது.

இவுகதான் வாயத் தொறந்தாக. "அதான் அன்னைக்குச் சாப்பாடு அம்புட்டு நல்லா இருந்துச்சு."

மதினி என்னப் பாத்தாக, டிவியப் பாத்தாக. அப்புறம் சிரிச்சாக பாருங்க, பொரையேறுற அளவுக்கு! சிரிச்சு முடிச்சு நேரா வாசலுக்குப் போயி நின்னுக்கிட்டாக. "ம். எடுங்க இப்ப."

மஞ்சளும் சுண்ணாம்பும் கரைச்சு, தெருவே பாக்க ஆரத்தி எடுத்தேன். சந்தனத்துக்கு மட்டும் பஞ்சமே இல்ல.

சாயங்காலம் மகன் கேட்டான். "எம்மா, ரெண்டு டிஸ்க்கும் நல்லா ஓடுதா?"

"ஓடுதுப்பா. ஒண்ணாச்சும் கெட்டுப் போயிருக்கலாம்."