செக்போஸ்ட் அண்ணன் மறித்த ரிப்போர்ட்

இந்த உலகத்தில் எதையுமே நம்பாத மனிதர் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் ஆபீஸ் செக்போஸ்ட் அண்ணன்தான். திருப்பதியில் மாம்பழக்கூழ் ஏற்றுமதி செய்கிற எங்கள் கம்பெனியின் மெயில் சர்வர் அவர் பொறுப்பு. பாலசமுத்திரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் எங்கள் வாட்ச்மேனே முழிப்பார்.

அலிபிரியில் மலைக்குப் போகிற வண்டிகளைச் சோதிக்கிற மாதிரி, வருகிற ஒவ்வொரு மெயிலையும் சோதித்துத்தான் உள்ளே விடுவார். முதலாளி பேரனின் பிறந்தநாள் படத்தையே ஒரு வாரம் பிடித்து வைத்தவர். கல்யாணப் பந்தியில்கூட, "இது இன்னா, எதுல செஞ்சது?" என்று பரிமாறுகிறவரை விசாரிக்காமல் கை வைக்க மாட்டார். "சும்மா சாப்புடுங்க சார்" என்று ஒருவர் சொன்ன பாவத்துக்கு, பாயசம் இலையிலேயே ஆறிப்போனது.

போன வருஷம் நானே அவரிடம் மாட்டிக்கொண்டேன். என் நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, கழுத்தில் ஒரு கட்டி. சித்தூரில் ஒரு லேபில் சதை எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தோம். ரிப்போர்ட் மெயிலில்தான் வரும் என்றார்கள். நானும் பெரிய புத்திசாலியாட்டம் ஆபீஸ் முகவரியைக் கொடுத்துத் தொலைத்தேன். மெயில் வந்தது. ரிப்போர்ட் இருக்க வேண்டிய இடத்தில், 'இணைப்பு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது' என்று ஒரு வரிதான் இருந்தது. அவர் அறைக்கு ஓடினேன்.

"அண்ணா, நைனா ரிப்போர்ட்ணா. புத்துநோயா இல்லியான்னு அதுலதான் கீது. வுட்டுடுணா."

"ரிப்போர்ட்டுன்னு நீ சொல்ற. ஃபைல் சொல்லலியே."

"பேர்லயே பிடிஎஃப்னு கீதே."

"பேரு யாரு வேணா வெச்சிக்கலாம்பா. ஃபைலோட ஒரு சீட்டு ஒட்டிக்கினு வரும், உள்ள இருக்கறது படமா, பாட்டா, டாக்குமெண்டான்னு. அத்தப் பாத்துதான் சர்வர் வுடும். இதுல 'ஏதோ ஒன்னு'ன்னு போட்டுக்கீது. ஏதோ ஒன்ன நான் எப்பிடி உள்ள வுடறது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் கண்டுகொள்ளாமல் லேபுக்குப் போன் போட்டு, அங்கிருந்த பெண்ணைத் தமிழும் தெலுங்குமாக வறுத்தெடுத்தார். அந்தப் பெண்ணும் லேசுப்பட்டவள் இல்லை. "மா தக்கர அந்தா கரெக்டே சார், மீரே சூஸ்கோண்டி" என்றாள். எங்களிடம் எல்லாம் சரி, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம்.

அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. லேப் திறந்திருக்கும் நேரம் போட்ட நோட்டீஸ் ஒன்றைத் தன் சொந்த மெயிலுக்கும் ஆபீஸ் மெயிலுக்கும் அனுப்பச் சொன்னார். சொந்த மெயிலுக்கு, 'பிடிஎஃப்' என்ற சீட்டோடு ஒழுங்காக வந்தது. ஆபீஸுக்கு வந்த அதே நோட்டீஸில் 'ஏதோ ஒன்று'. அண்ணனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. வைரஸ் வராமலிருக்க முந்தின நாள்தான் சர்வருக்கு முன்னால் புதிதாக ஒரு சோதனையை வைத்திருந்தார். அது ஃபைலைப் பிரித்துப் பார்த்துவிட்டு, பழைய சீட்டைக் கிழித்து 'ஏதோ ஒன்று' என்று ஒட்டி அனுப்பியிருக்கிறது. வேலியே பயிரை மேய்ந்த கதை.

"தப்பு என்மேலதாம்மா, மனசுல வெச்சிக்காத" என்று போனில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீ போய் சீட்ல உக்காரு. சரி பண்ணி அனுப்பறேன்."

போய் உட்கார்ந்து, ஏழுமலையானுக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரிப்போர்ட் வரவில்லை. அண்ணன்தான் வந்தார், இரண்டு கையிலும் டீ கிளாஸோடு.

"சாதா கொழுப்புக் கட்டிதான்பா. பயப்படறதுக்கு ஒன்னும் இல்ல. டீ குடி."

அப்பாடா என்றிருந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டேன். கொஞ்சம் நிதானத்துக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

"அண்ணா, எனக்கு முன்னாடி நீ தொறந்து பாத்தியா?"

"பாத்தேன். வேற மாதிரி இருந்திருந்தா, நீ தனியா உக்காந்து படிச்சிக்கினு இருப்பியே. அதான்."

அதற்குப் பிறகு அவரை வேறு யாராவது கேலி செய்தால் எனக்குச் சுருக்கென்கிறது. நான் செய்வது வேறு விஷயம்.