பத்தடியார் வைத்த பெயர்கள்

சென்னை மாநகரத்தில், ஏன், ஏசி என்ற சாதனம் போய்ச் சேர்ந்த எல்லா ஊர்களிலும், குளிருகிறதா என்று மீட்டரைக் கேட்காமல் மனிதர்களைக் கேட்ட ஒரே மெக்கானிக் எங்கள் பத்தடியார்தான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் ஐந்து மாடிக் கட்டடத்துக்கு நான் நிர்வாக அதிகாரி. குழாய் ஒழுகினாலும் லிஃப்ட் நின்றாலும் என்னைத்தான் திட்டுவார்கள். பழைய ஏசிகளை எடுத்துவிட்டு, ஃபால்ஸ் சீலிங்குக்குள் புதுப் பெட்டிகளை ஒளித்து வைத்தார்கள். சுவரில் பட்டன் கிடையாது. கையில் ரிமோட் கிடையாது. சர்வீஸ் ஆள் செல்போனோடு வந்து, பெட்டிக்கு நேர் கீழே நின்று, புளூடூத்தில் பிடித்து, குளிர் இவ்வளவு, ஃபேன் இவ்வளவு, வெளிக்காற்று இவ்வளவு என்று வைக்க வேண்டும். அப்படி வந்தவர்தான் அவர். ஐம்பதைத் தாண்டிய வயது, ஒடிசலான உடம்பு, தினமும் வேப்பம்பட்டிலிருந்து மின்சார ரயில்.

முதல் நாளே, "என் ரூம்ல உட்கார்ந்தே எல்லாத்தையும் வெச்சுட முடியாதா?" என்று கேட்டேன்.

"இது இன்னா ரேடியோ ஸ்டேஷனா சார்? பத்தடிக்குள்ள போய் நின்னாத்தான் வாயத் தொறக்கும். பதினோராவது அடில நின்னா, நீ யாருன்னு கேக்கும்."

அன்றிலிருந்து அவர் பத்தடியார். இயற்பெயர் கேட் ரிஜிஸ்டரில் இருந்திருக்கும். பார்க்கத் தோன்றவில்லை.

போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு மேஜை மேஜையாக நடப்பார். புதிதாகச் சேர்ந்த ஒருவர், தன்னைத்தான் படம் எடுக்கிறார் என்று நினைத்து, சட்டையைச் சரிசெய்து சிரித்தபடி எழுந்து நின்றுவிட்டார். பத்தடியார் அவர் மனம் நோகாமல் "சூப்பரா கீது சார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

அக்கவுண்ட்ஸ் மல்லிகா மேடம் சித்திரை வெயிலிலும் சால்வை போர்த்திக்கொண்டுதான் வேலை பார்ப்பார். இருபத்து நாலு டிகிரிதானே என்று நானே அவரிடம் வாதாடியிருக்கிறேன். பத்தடியார் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் ஐந்து நிமிடம் சும்மா நின்றார். "போனு இருபத்து நாலுன்னு சொல்லுது. இந்தம்மா மூக்கு வேற கணக்கு சொல்லுதே" என்று ஃபேனைக் குறைத்தார். மறுநாள் சால்வை மேஜை இழுப்பறைக்குள் போய்விட்டது.

பயிற்சி அறையில் எல்லோரும் தூங்கி வழிவார்கள். நாங்கள் பயிற்சியாளரைக் குறை சொன்னோம். பத்தடியார் வெளிக்காற்றைக் கூட்டி வைத்தார். அத்தனை பேரும் விழித்துக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்ததில், பயிற்சியாளர் என்னிடம் வந்து புகார் சொன்னார்.

வம்பு பெயரில் வந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் நீளமாக ஒரு நம்பர்தான் பெயர். ஒருமுறை நம்பர் குழம்பி, சர்வர் ரூமுக்கு வைக்க வேண்டிய குளிரைப் பக்கத்து மீட்டிங் அறைக்கு வைத்துவிட்டார். உள்ளே இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தார்கள். அதன்பிறகு போனில் நம்பர்களை அழித்துவிட்டு, ஆங்கில எழுத்துகளில் தமிழ்ப் பெயர் வைக்க ஆரம்பித்தார். மல்லிகா மேடத்தின் பெட்டி 'தும்மல்'. பயிற்சி அறை 'கொட்டாவி'. நானும் குஷியாக அதில் சேர்ந்துகொண்டேன். துணைத் தலைவர் அறைப் பெட்டியின் முறை வந்தபோது, "சிடுமூஞ்சின்னு வைங்க" என்றேன்.

"வாணாம் சார். பெரிய மன்சன்."

"உங்க போன்ல மட்டும்தானே தெரியும்?"

"அப்டித்தான் நெனைக்கிறேன்" என்று தயங்கித் தயங்கித் தட்டினார்.

மாற்றிய பெயர் பெட்டிக்குள்ளேயே பதிந்துவிடும், பத்தடிக்குள் வருகிற எந்தக் கருவிக்கும் அது தன் பெயரைச் சொல்லும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது.

புனேயிலிருந்து வாடிக்கையாளர்கள் வந்தார்கள். துணைத் தலைவர் தன் அறையில் லேப்டாப்பை ஸ்பீக்கரோடு இணைக்க, அக்கம்பக்கத்துப் புளூடூத் பெயர்கள் பெரிய டிவியில் வரிசையாக வந்தன. முதல் பெயரை விருந்தாளி ஒருவர் எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார். "சிடு... மூன்ஜி. இதுதானே உங்கள் ஸ்பீக்கர்?" எங்கள் ஆட்கள் இரண்டு பேர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்கள். துணைத் தலைவர் சிரிக்கவில்லை. அவர் முகம் அந்தப் பெயருக்கு முழு நியாயம் செய்துகொண்டிருந்தது.

அது ஏசிப் பெட்டியின் பெயர் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, மாலையில் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"யார் வெச்ச பேர் இது?"

நான் தரைவிரிப்பைப் பார்த்தேன். பத்தடியார் என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவைதான்.

"நான்தான் சார். தப்புதான்."

"நீங்களா யோசிச்சு வெச்சீங்களா?"

"போனு என்னுதுதானே சார்."

இனி இந்த ஆள் கட்டடத்துக்குள் வரக்கூடாது, அவரை அனுப்பிய கம்பெனிக்குப் புகார்க் கடிதம் போக வேண்டும் என்று உத்தரவு. கடிதத்தை எழுத வேண்டியவன் நான். கேட்டுக்குப் போன் செய்து அவருடைய இயற்பெயரைக் கேட்டேன். இரண்டு வருஷப் பழக்கத்தில் அதுதான் முதல்முறை.

அடுத்து வந்த ஆள் எல்லாப் பெட்டியையும் இருபத்து நாலில் வைத்துவிட்டு அரை மணியில் போய்விட்டார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. சால்வையை மறுபடி எடுத்துக்கொண்ட மல்லிகா மேடம், "பத்தடியார் வரலியா சார்?" என்றார். "வேற சைட்டுக்கு மாத்திட்டாங்க" என்றேன். வாய் கூசாமல் வந்தது அந்தப் பொய்.

ஆறு மாதத்தில் துணைத் தலைவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். ஒரு போன் போட்டிருந்தால் பத்தடியாரைத் திரும்ப வரவழைத்திருக்கலாம். வந்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நாளை, நாளை என்று தள்ளிக்கொண்டே போனேன்.

சென்ற மாதம் அம்பத்தூர் ஸ்டேஷனில், "சார்! நல்லா கீறீங்களா?" என்று ஒரு குரல். அவர்தான். இன்னும் இளைத்திருந்தார். கடிதம் போனதும் கம்பெனியில் நிறுத்திவிட்டார்களாம். நாலு மாதம் வீட்டில் சும்மா இருந்தாராம். இப்போது திருவள்ளூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் வார்டு ஏசி பார்க்கிறாராம். அதற்கு ஏதோ பார்ட் வாங்கத்தான் இங்கே வந்தாராம்.

"பேஷண்டுங்க நல்லவங்க சார். குளுருதான்னு கேட்டா உள்ளத உள்ளபடி சொல்றாங்க."

"அன்னிக்கு அந்தப் பேரு..." என்று தொடங்கினேன்.

"அத வுடுங்க சார். உங்களுக்குப் படிக்கிற புள்ளைங்க ரெண்டு இருந்துச்சு. எனுக்கு இன்னா, பொண்ணக் கட்டிக் குடுத்தாச்சு."

திருவள்ளூர் வண்டி வந்துவிட்டது. என் முழங்கையை ஒருமுறை தட்டிவிட்டு ஏறிக்கொண்டார். இருபது நிமிடத்தில் அடுத்த வண்டி இருந்தது. கையைப் பிடித்து நிறுத்தி, ஒரு டீ வாங்கிக் கொடுத்து, கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கலாம். படிக்கட்டு ஓரம் நின்றபடி அவர் கையாட்டினார். நானும் கையை உயர்த்தினேன். வண்டி வளைவில் மறைந்த பிறகும் நான் கையை இறக்கவில்லை.